புளித்த மோரில் உப்பும் ரொட்டி

ஈஸ்ட்டும் பேக்கரி அடுப்பும் இன்றி வீட்டிலேயே ரொட்டி சுடலாம் என்றால் நம் அங்கத்தினர் பலர் ஐயுறுவர். அயர்லாந்து நாட்டுக் குடியானவர் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இதனைச் செய்து வருகின்றனர். ஓயாத மழையும் ஈரமும் உடைய அந்நாட்டில் விளையும் கோதுமை மென்மையானது, பசை குறைந்தது. ஈஸ்ட் எழுப்பும் வாயுவை நெடுநேரம் தாங்கும் வலு அந்த மாவுக்கு இல்லை. ஆகவே வெண்ணெய் எடுத்தபின் எஞ்சிய மோரையும் சமையல் சோடாவையும் அவர்கள் துணைக்கொண்டனர். கனத்த இரும்புச் சட்டியில் மாவை வைத்து மூடி, மூடியின்மேலும் தணலைப் பரப்பிச் சுட்டனர்.

நம் கரிசல் காட்டுச் சோளத்திலும் கம்பிலும் அந்தப் பசை அறவே இல்லை. தட்டி ரொட்டியாகச் சுடுவதன்றி, அவற்றை உப்பச் செய்வது அரிது. எனினும் கோதுமையோடு கலந்தால் அயர்லாந்து முறை நமக்கும் கைகொடுக்கிறது.

கோதுமை மாவு 300 கிராம், சோள மாவு 150 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, சோடா தலை தட்டி ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைச் சலித்துக் கலக்க வேண்டும். நன்கு புளித்த கெட்டி மோர் ஏறக்குறைய 350 மில்லி ஊற்றிக் கையால் சேர்த்தால் போதும். சப்பாத்திக்குப் போல் அடித்துப் பிசையலாகாது. மோரின் புளிப்பு சோடாவில் பட்ட கணமே கரியமில வாயு எழத் தொடங்கும். எனவே சட்டி முன்னரே காய்ந்திருக்க வேண்டும். கனத்த பாத்திரத்தின் அடியில் இரு விரற்கடை மணல் பரப்பி, அதன்மேல் தட்டில் உருண்டையை வைத்து, நடுவில் ஆழமாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி மூடிவிடலாம். மிதமான தீயில் முக்கால் மணிக்குக் குறையாமல் வேகவேண்டும். அடியைத் தட்டினால் பொள்ளென ஒலிக்கும், அதுவே பதம்.

முதன்முறை நாம் புளிக்காத மோரை ஊற்றிவிட்டோம். ரொட்டி மஞ்சளித்துச் சவர்க்கார வாடை வீசியது. சோடாவைக் கூட்டினாலும் இக்கதிதான். கம்பு மாவு கலப்போர் அன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்க. அதிலுள்ள கொழுப்பினால் சில நாட்களிலேயே கசப்பேறிவிடும்.

இதனை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கங்களில் சோளமும் கம்பும் இருந்த காடுகளில் மக்காச்சோளம் பரவிவிட்டது. அது பெரும்பாலும் கோழித் தீவனத்திற்குப் போகிறது. 2018-இல் இந்தியாவில் புகுந்த படைப்புழு அதனையும் கடுமையாகத் தாக்கியது. 1901-இல் தொடங்கப்பெற்ற கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்கேற்ற கே 8, கே 12 சோள ரகங்களைத் தந்துள்ளது. விதைக்குக் குறைவில்லை, சோளத்தை விரும்பி உண்ணும் வீடுகளே அருகிவிட்டன. பழைய கஞ்சியை ஒதுக்கும் பிள்ளைகளும் இந்த ரொட்டியைக் கருப்பட்டிப் பாகோடு கேட்டு வாங்கி உண்கின்றனர்.

நெசவாள அங்கத்தினருக்குத் தனியே ஓர் எச்சரிக்கை. நூலுக்குச் சாயம் ஏற்றும் வீடுகளில் சலவைச் சோடாவும் காஸ்டிக் சோடாவும் இருக்கும். வெண்ணிறப் பொடியாக இருக்கையில் சலவைச் சோடாவைச் சமையல் சோடாவினின்று கண்ணால் பிரித்தறிய இயலாது. காஸ்டிக் சோடாவோ வாயையும் குடலையும் வெந்து புண்ணாக்கும். சாயப் பொருள்களைச் சமையலறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். டப்பாக்களின்மேல் பெரிய எழுத்தில் பெயரெழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.