மலையேறும் ஜீப்புக்கு இரண்டாவது பாட்டரி

கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப் சேற்றில் புதைந்தால், முன்னால் பொருத்திய மின்சார வின்ச் மீட்டுவிடும். ஆனால் பெரிய வின்ச் முழுப் பளுவில் சுமார் 400 ஆம்பியர் குடிக்கும். ஆல்டர்னேட்டர் தருவது அதில் சிறு பங்கே. ஒரே பாட்டரியானால் ஜீப் மேடேறிவிடும். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. மாலையில் ஆட்கள் காட்டில் நிற்க வேண்டியதுதான்.

எனவே வின்சுக்குத் தனி பாட்டரி வையுங்கள். இரண்டுக்கும் நடுவே ரிலே இருந்தால், எஞ்சின் ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகும், நின்றதும் பிரிந்துவிடும். வின்ச் இழுக்கும்போது ரிலேயைத் துண்டிக்க ஒரு சுவிட்சும் வேண்டும். ரிலே கம்பியின் இரு முனையிலும் பாட்டரியை ஒட்டியே பியூஸ் போடுங்கள்.

வின்சுடன் வரும் கனத்த கேபிளை மாற்றாதீர்கள். மெல்லிய கம்பியில் மிச்சமாகும் பணம் ஒரு மிச்சமா? எர்த்தைச் சேசிஸில் முடுக்காமல் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுசெல்லுங்கள். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம். அங்கே உரசித்தான் தீப்பிடிக்கும். வின்ச் ஓடாத நேரத்தில் மெயின் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும்.