கறுத்தக் கொழும்பானுக்கு மூக்கே சாட்சி

ஆனி மாதத்தில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால், மாம்பழம் வாங்குகிறவர்களில் ஊரவர் யார் என்று கண்டுபிடித்துவிடலாம். வெளியூர்க்காரர் மஞ்சள் நிறத்தைத் தேடுவார். ஊரவரோ பச்சையாய்க் கிடக்கும் பழத்தை எடுத்துக் காம்படியை மூக்கருகே பிடிப்பார்.

அந்தப் பச்சைப் பழந்தான் கறுத்தக் கொழும்பான். பெயரில் கொழும்பு இருந்தாலும் அதற்கு வாய்த்த மண் வறண்ட வடக்குத்தான். ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்க்கும் மழை தையில் விட்டுவிடும். அந்த வெயிலில்தான் மா பூக்கும். பூக்கிற நேரத்தில் மழை பெய்தால் பூ கருகிக் கொட்டும். ஈரம் காயாத தென்மேற்கில் இந்த மரம் யாழ்ப்பாணத்தில் போலக் காய்ப்பதில்லை.

கனிந்தாலும் கரும்பச்சைத் தோல் சற்று மங்குமே தவிர மஞ்சளாகாது. அறுத்தால் செம்மஞ்சள் சதை, நார் மிகக் குறைவு. அம்பலவியும் செம்பாட்டானும் விளாட்டும் நல்ல பழங்கள்தான். ஆனால் காலைப் புட்டோடு பிசைய இதற்கு ஈடில்லை. கடைசியில் கொட்டையைச் சூப்புகையில் முழங்கை வரை சாறு வழியும்.

பறிப்பதிலும் பக்குவம் வேண்டும். கொக்கத்தடியால் பறிக்கும்போது காயை நிலத்தில் விழவிடக் கூடாது. காம்பில் வடியும் பால் தோலில் பட்டால் கறுத்த தழும்பு விழும். அதனால் பாலை வடியவிட்டு, வைக்கோல் பரப்பிப் பழுக்கப் போடுவார்கள். பிரான்சின் ஆன்ஜே நகரில் 1849இல் முதன்முதல் காய்த்த துவாயனே து கொமிஸ் என்ற பேரிக்காயும் இப்படித்தான். அதை மரத்தில் பழுக்க விடுவதில்லை. காயாகப் பறித்து வைத்து, காம்படியை விரலால் மெல்ல அழுத்திப் பதம் பார்ப்பார்கள். நிறத்தை நம்பினால் இரண்டிலும் ஏமாறுவோம்.

போர்க்காலத்தில் பாதைகள் மூடிக்கிடந்தன. 1990இல் யாழ்ப்பாணம் வராமல் நின்றுபோன யாழ்தேவி ரயில், 2014 ஒக்டோபரில்தான் திரும்பி வந்தது. பாதை திறந்தபின் தெற்கின் பளபளப்பான செம்மஞ்சள் ரிஜேசி மாம்பழமும் சந்தைக்கு வந்து சேர்ந்தது. அது கண்ணுக்கு அழகு. சுவையில் கறுத்தக் கொழும்பானுக்குக் கிட்ட வராது என்பதே என் தீர்ப்பு. என் கவலை வேறு: கறுத்தக் கொழும்பான் காயைப் பிஞ்சிலேயே பறித்துக் கார்பைட் வைத்துப் பழுக்கப் போடுகிறார்கள். அதற்கு மணமே இருக்காது. அதை முதலில் தின்னும் பிள்ளை இந்தப் பழத்தையே வெறுத்துவிடும்.

வளவில் ஓரிடம் வெறுமையாய்க் கிடந்தால், வரும் ஐப்பசி மழையோடு ஓர் ஒட்டுக்கன்று வையுங்கள். மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும்.