மில்லிங் மிஷின் வாங்கப் போகிறீர்களா? டேப்பரைப் பாருங்கள்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் கைப்பேசியோடு வந்தான். வீட்டு கார் ஷெட்டில் சின்னதாக ஒரு மில்லிங் மிஷின் போட வேண்டும் என்று ஒரு வருடமாகப் பணம் சேர்க்கிறவன். "ஏனுங் மாமா, ரெண்டும் ஒரே மிஷின், ஒரே விலை. ஒண்ணுல எம்.டி.3-ங்கிறான், இன்னொண்ணுல ஆர்8-ங்கிறான். எதைங்க எடுக்கிறது?" என்றான்.

"உக்காரு கண்ணு" என்று சொல்லிவிட்டு, சமையலறையிலிருந்து இரண்டு எவர்சில்வர் டம்ளரும் இரண்டு கிண்ணமும் எடுத்துவந்தேன். கோவையில் டூல்ரூம் வேலையிலேயே முப்பது வருடம் ஓட்டியவன் நான். டேப்பர் என்றால் என்ன என்று யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

டம்ளருக்குள் டம்ளரைப் போட்டு அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். சில நேரம் வெந்நீரில் வைத்துத் தட்டித்தான் எடுக்க வேண்டும். கிண்ணத்துக்குள் கிண்ணம் எத்தனை அழுத்தினாலும் கையோடு வந்துவிடும். டம்ளரின் சுவர் கொஞ்சமாகச் சரிகிறது, கிண்ணத்தின் சுவர் நன்றாகச் சரிகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

மில்லிங் மிஷினில் சுற்றுவது கட்டர். கட்டரைப் பிடிக்கும் ஹோல்டர், சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் வாய்க்குள் இருக்கும் கூம்புத் துளையில் உட்காரும். அந்தக் கூம்புச் சரிவுதான் டேப்பர். மேலிருந்து டிராபார் என்ற நீளமான போல்ட் அதை இழுத்துப் பிடிக்கும். கழற்றி மாட்டினாலும் அதே மையத்தில் வந்து உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் கூம்பு. அது டம்ளரா, கிண்ணமா என்பதுதான் பையன் கேட்ட கேள்வி.

எம்.டி. என்பது மோர்ஸ் டேப்பர். 1863-இல் முறுக்கு டிரில் பிட்டுக்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் ஸ்டீபன் மோர்ஸின் பெயர் அது. ஏறக்குறைய 20 மி.மீ. நீளத்துக்கு விட்டத்தில் 1 மி.மீ. மட்டுமே குறையும். அசல் டம்ளர். துளை போடும்போது விசை நேராக மேலே தள்ளுவதால், வேலை செய்யச் செய்ய இன்னும் இறுகும். டிரில்லுக்கு அது வரம். மில்லிங்கில் விசை பக்கவாட்டில் அடிக்கிறது, அதிர்வும் சேர்கிறது. டிராபார் இல்லாவிட்டால் பிடி தளர்ந்து ஹோல்டர் கீழே விழும். அதனால்தான் பின்முனையில் தட்டையான வால் வைத்த லேத் டிரில் சக்கை மில்லிங் ஸ்பிண்டிலில் மாட்டி, எண்ட் மில் போட்டு ஓட்டக் கூடாது என்கிறேன். டிராபார் பிடிக்க அதில் மரை இல்லை.

ஆர்8 அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நிறுவனம் தந்தது. 1938-இல் முதல் மில்லிங் மிஷினை விற்றவர்கள் அவர்கள். ஆர்8-இல் அடிப்பகுதி மட்டும் 17 பாகைக்குக் கொஞ்சம் குறைவான கிண்ணம். மேலே நேரான தண்டு. டிராபாரைத் தளர்த்தி ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். ஆனால் கழற்ற ஹோல்டர் ஏறக்குறைய 10 செ.மீ. கீழே இறங்க வேண்டும். சின்ன மிஷினில் ஸ்பிண்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே ஒன்றரைச் சாண்தான் இருக்கும். அதில் வைஸும் ஜாபும் போக மிச்சம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். டிராபார் மரையும் பெரும்பாலும் 7/16 அங்குலம், நம் மெட்ரிக் போல்ட் சேராது.

மூன்றாவது ஐ.எஸ்.ஓ.30. 24 மி.மீ. நீளத்துக்கு 7 மி.மீ. குறையும் குட்டையான கிண்ணம். ஸ்பிண்டில் முகத்தில் இருக்கும் இரண்டு சாவிகள் கட்டரைச் சுற்றும் முறுக்கைத் தாங்கும். கூம்பின் வேலை மையம் பிடிப்பது மட்டுமே. எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் வாய் 31.75 மி.மீ. அகலம், அதற்கேற்ற தடித்த ஸ்பிண்டிலும் பெரிய பேரிங்கும் வேண்டும் என்பதால் மேஜை மேல் வைக்கும் குட்டி மிஷின்களில் அரிது.

என் முதல் மிஷின் எம்.டி.3. ஒரு சித்திரை மாதம், இரண்டு மணி நேரம் ஓடிச் சூடாகியிருந்த ஸ்பிண்டிலில், அலமாரியில் குளிர்ந்து கிடந்த ஹோல்டரைப் போட்டு இறுக்கிவிட்டுத் தூங்கப் போனேன். இரவில் ஸ்பிண்டில் ஆறிச் சுருங்கி ஹோல்டரைக் கவ்விக்கொண்டது. காலையில் டிராபாரைத் தளர்த்திப் பித்தளைச் சுத்தியால் தட்டினேன், வரவில்லை. பெரிய சுத்தியை எடுத்தேன். ஹோல்டர் வந்தது, கூடவே ஸ்பிண்டிலைக் கையால் சுற்றினால் கறுக் கறுக் என்று ஒரு சத்தமும் வந்தது. அடித்த அடி பேரிங் பாதையில் குண்டுகளின் தடத்தைப் பதித்துவிட்டது. பேரிங் மாற்றி, மையம் பார்த்துத் திரும்ப ஓட்ட ஒரு மாதமானது. வேலை முடிந்ததும் டிராபாரைத் தளர்த்தி ஹோல்டரை விடுவித்துவிட்டுத்தான் இன்றுவரை விளக்கை அணைக்கிறேன்.

எந்த டேப்பரானாலும் முதலில் ஒரு நல்ல இ.ஆர்.32 கொலெட் சக் வாங்குங்கள். கட்டரின் தண்டைக் கவ்வும் பிளவுபட்ட குழல்தான் கொலெட். 20 மி.மீ. வரை பிடிக்கும். 6, 8, 10, 12 என்று நாலு கொலெட் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். கட்டரை மாற்ற டேப்பரைக் கழற்ற வேண்டியதே இல்லை. கொலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்து 'டக்' என்று மாட்டிவிட்டு, அப்புறம்தான் சக்கில் திருக வேண்டும். நேரே சக்கில் போட்டால் கோணலாக இறுகி, கட்டர் ஆட்டம் காணும்.

மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, பணம் கொடுக்கும்முன் ஸ்பிண்டில் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். கீறலோ மேடோ தட்டுப்பட்டால் வேண்டாம். உள்சுவரில் டயல் கேஜை வைத்து ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். ஆட்டம் 10 மைக்ரானுக்குள் இருந்தால் நான் எடுத்துக்கொள்வேன்.

பையனிடம் லேத் இல்லை. எம்.டி.3 வால்பக்கம் உள்ள லேத் இருந்திருந்தால், டிரில் போட இரண்டுக்கும் ஒரே சக் போதும் என்று எம்.டி.3-ஐயே எடுக்கச் சொல்லியிருப்பேன். நம் ஊர்க் கடையில் ஆர்8 ஹோல்டர் கிடைக்கிறதா என்று விசாரி, கிடைத்தால் ஆர்8 எடு என்றேன். கட்டரைப் பிடிக்கிற வேலையை மூன்றுமே செய்யும். கேட்டதும் விடுகிற டேப்பர்தான் வீட்டுப் பட்டறைக்கு நல்லது.

எதை வாங்கினாலும், ஒவ்வொரு முறை மாட்டும்போதும் ஸ்பிண்டில் வாயையும் ஹோல்டரையும் சுத்தமான துணியால் துடையுங்கள். நடுவில் ஒரு சிறு பிசிறு சிக்கினால் போதும், எந்த டேப்பரும் மையத்தில் உட்காராது.