பக்கத்து வீட்டு உறைமோர்

கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். தங்கை மகளுக்கு ரத்தப் புற்றுநோய். மருந்துக்குக் கட்டுப்பட்டிருந்தது, மறுபடி தலைகாட்டிவிட்டது. இனி ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைதான் வழி என்கிறார்கள் மருத்துவர்கள். பெண்ணின் அண்ணன் பொருந்துகிறானாம். "இரண்டு பேருக்கும் ரத்த குரூப்பே வேறு சார், அப்புறம் எப்படிப் பொருந்தும்? முதுகுத்தண்டில் துளை போட்டு எடுப்பார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற பையன்" என்று கடிதம் முடிகிறது. அந்தக் கடைசி வரியில் கேள்விக்குறி இல்லை. ஆனால் அவர் கேட்க வந்தது அதைத்தான். கடைசியில் வருகிறேன்.

சிவப்பணு, வெள்ளையணு எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. நேரே எங்கள் வீட்டு அடுப்படிக்குப் போய்விடலாம்.

கோடைக்கு ஒருமுறையாவது எங்கள் வீட்டுத் தயிர் நூல் விடும். கரண்டியைத் தூக்கினால் பிசின் மாதிரி கூடவே இழுத்துக்கொண்டு வரும். அந்தத் தயிரிலிருந்து எத்தனை முறை உறை ஊற்றினாலும் மறுநாளும் நூல்தான். அம்மா சட்டியைக் கவிழ்த்து, சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற வெந்நீரை ஊற்றி வெயிலில் காயவைப்பாள். பிறகு என் கையில் ஒரு டம்ளரைத் திணித்து, "பாக்கியம் அத்தை வீட்டுல ரெண்டு கரண்டி உறைமோர் வாங்கிட்டு வாடா" என்பாள். இரண்டே நாளில் எங்கள் வீட்டுத் தயிர் பாக்கியம் அத்தை வீட்டுத் தயிராக மாறியிருக்கும். புளிப்பு, கெட்டி, வாசனை எல்லாம் அவர்கள் வீட்டுடையது. பால் மட்டும் எங்கள் மாட்டுப் பால்.

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை ஏறக்குறைய இதுதான். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் சட்டி. ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் அதிலிருந்து வருகின்றன. இத்தனைக்கும் மூலம், மஜ்ஜையில் மிகச் சிறிய பங்காக இருக்கும் ஸ்டெம் செல்கள். இவைதான் உறைமோர். ரத்தப் புற்றுநோயில் இந்த வம்சாவளியில் எங்கோ ஓரிடத்தில் கோளாறு புகுந்து, நூல் விட்ட தயிராகப் பெருகிக்கொண்டே போகிறது. கடுமையான மருந்தும், சிலருக்குக் கதிர்வீச்சும் கொடுத்து மஜ்ஜையைத் துடைத்துவிட்டு, இன்னொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றுகிறார்கள். மயலோமா போன்ற சில நோய்களில் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே முன்கூட்டி எடுத்து உறையவைத்துத் திரும்பக் கொடுப்பதும் உண்டு. அப்போது அறை முழுக்கப் பூண்டு வாசனை அடிக்கும். உறைபனியில் செல்கள் உடையாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் நோயாளியின் மூச்சு வழியே வெளியேறுவதால் வரும் வாசனை அது.

எளிதாகச் சொல்லிவிட்டேன், எளிதாக வந்ததல்ல. அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் டொனால் தாமஸ் என்ற மருத்துவர், ஆறு நோயாளிகளுக்கு அடுத்தவர் மஜ்ஜையை ஏற்றிய அனுபவத்தை 1957இல் வெளியிட்டார். அவர்களில் ஒருவர்கூட நூறு நாளைத் தாண்டவில்லை. பலர் இந்த முயற்சியையே கைவிட்டார்கள், அவர் விடவில்லை. 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983இலும், வேலூர் சிஎம்சியில் 1986இலும் இந்தச் சிகிச்சை தொடங்கிவிட்டது.

என் நண்பர் ஒருவருக்கு இது நடந்தபோது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மாற்று சிகிச்சை என்றதும் ஆபரேஷன் தியேட்டர், பச்சை அங்கி, கத்தி என்று ஏதேதோ நினைத்துப் போயிருந்தேன். உள்ளே ஒரு டிரிப் ஸ்டாண்டு. அதில் தக்காளிச் சாறு நிறத்தில் ஒரு பை, ஒரு டம்ளர் அளவுக்குத்தான் இருக்கும். நெஞ்சில் செருகிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. நண்பர் மொபைலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். பை காலியானது. அவ்வளவுதான்.

எனக்குத் தலை சுற்றியது அங்கேதான். செல்கள் போய்ச் சேர வேண்டிய இடம் எலும்பு. இவர்களோ ரத்தக்குழாயில் விடுகிறார்கள். உறைமோரைச் சட்டியில் ஊற்றாமல் தெருமுனையில் ஊற்றிவிட்டு வருவது போல! எந்த எலும்பு, எந்த இடுக்கு என்று யார் சொல்வார்கள்?

யாரும் சொல்ல வேண்டாம், அவற்றுக்கே தெரியும். தாத்தா சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வண்டியில் படுத்துத் தூங்கிவிடுவார். மாடுகள் பாட்டுக்குக் கம்மாய்க்கரை திரும்பி, பிள்ளையார் கோயிலைத் தாண்டி, எங்கள் தொழுவத்து வாசலில் வந்துதான் நிற்கும். ஸ்டெம் செல்லும் அப்படித்தான். இதயம், நுரையீரல் எல்லாம் சுற்றி வந்து, சில மணி நேரத்தில் மஜ்ஜையின் ரத்தக்குழாய்ச் சுவரைக் கண்டுபிடித்து, ஒட்டிக்கொண்டு, நெளிந்து உள்ளே புகுந்துவிடுகிறது. மாட்டுக்குத் தொழுவத்து வாசனை எப்படியோ, அப்படி இதற்கு மஜ்ஜையில் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதம். அதை மோப்பம் பிடிக்க ஸ்டெம் செல்லின் மேல் சிஎக்ஸ்சிஆர்4 என்றொரு மூக்கு. மருத்துவர்கள் இந்தச் செயலுக்கு 'ஹோமிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் மொழியில் வீடு திரும்புதல்.

இந்த மூக்கைப் பற்றி இன்னொரு கதை. எச்ஐவி கிருமி செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவுகளில் சிஎக்ஸ்சிஆர்4 ஒன்று. கதவை அடைத்தால் எய்ட்ஸைத் தடுக்கலாம் என்று பிளெரிக்ஸாஃபர் என்ற மருந்தைச் சோதித்தார்கள். எச்ஐவிக்கு அது கைகொடுக்கவில்லை. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் திடீரென ஏறின. பார்த்தால், மூக்கு அடைபட்ட ஸ்டெம் செல்களும் வீடு எதுவென்று தெரியாமல் மஜ்ஜையை விட்டு வீதிக்கு வந்துவிட்டன. எய்ட்ஸுக்கு உதவாத மருந்து, ஸ்டெம் செல்லை எலும்பிலிருந்து வெளியே வரவழைக்கும் மருந்தாக 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த ஒரு சங்கதிக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம்.

வீடு வந்த செல்கள் வேலையைத் தொடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை சட்டி வெறும் சட்டி. காற்றை வடிகட்டும் தனியறையில் இருக்க வேண்டும்; சாதாரணச் சளிக்கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும். அந்த வார்டில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. "கவுண்ட் ஏறுச்சா?" என்பதுதான் காலை வணக்கம்.

இனி குரூப் விஷயம். இந்தச் சிகிச்சைக்கு ரத்த குரூப் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. பொருந்த வேண்டியது எச்எல்ஏ என்ற திசு அடையாளம். அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வருவதால் உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. என் நண்பருக்கு ஓ பாசிட்டிவ், கொடுத்த தங்கைக்கு பி பாசிட்டிவ். சில மாதங்களில் அவரும் பி பாசிட்டிவ் ஆகிவிட்டார். ரத்தத்தை மட்டும் எடுத்து மரபணுச் சோதனை செய்தால், மீசை வைத்த அந்த மனிதரைப் பெண் என்றுதான் சொல்லும். பால் எங்கள் மாட்டுடையது, தயிர் பாக்கியம் அத்தையுடையது. "தங்கச்சிக்கு நான்தான் சீர் செய்யணும், அவ எனக்குச் செஞ்சுட்டா" என்று நண்பர் சொல்லிக்கொண்டிருப்பார்.

விருந்தாளிச் செல்களால் வம்பும் உண்டு. புதிய வெள்ளையணுக்களுக்கு நோயாளியின் தோலும் குடலும் ஈரலும் அந்நியமாகத் தெரிந்து, பாய்ந்து கடிக்கும். எங்கள் வீட்டு நாய் மணி, திருடனை விரட்டிய அதே வாரத்தில் பெரியப்பாவையும் கடித்தது. ஆனால் இந்தக் கடிக்குணத்தில் ஒரு லாபம் இருந்தது. அச்சாக ஒரே மாதிரியான இரட்டையரிடம் செல் வாங்கியவர்களுக்கு வம்பு குறைவு, புற்றுநோய் திரும்புவது அதிகம். அப்படியானால் மிச்சமிருக்கும் புற்றுசெல்லைத் தேடித் தின்பது இந்த விருந்தாளி வெள்ளையணுக்கள்தான் என்று தெரிந்தது.

நாய்க்கு மோப்பம் பழக்கினால் என்ன என்று யோசித்ததன் விளைவு, கார்-டி சிகிச்சை. நோயாளியின் டி-செல் என்ற வெள்ளையணுக்களை எடுத்து, முடமாக்கிய வைரஸ் ஒன்றின் முதுகில் ஒரு மரபணுவை ஏற்றி அனுப்புகிறார்கள். பெரும்பாலும் அது எச்ஐவியின் பல் பிடுங்கிய வடிவம். அதன்பின் அந்த டி-செல், சிடி19 என்ற அடையாளம் தாங்கிய, புற்றாகிப்போன பி-செல் வெள்ளையணுக்களை விடாமல் வேட்டையாடும். நல்ல பி-செல்லையும் சேர்த்துத்தான்.

2012இல் பிலடெல்பியாவில் எமிலி ஒயிட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இதைக் கொடுத்தபோது காய்ச்சல் கொதித்து, உயிர் ஊசலாடியது. வேட்டை மும்முரத்தில் ஐஎல்-6 என்ற சுரப்பு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஆய்வை நடத்திய கார்ல் ஜூனின் மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம். அதனால் ஐஎல்-6ஐ அடக்கும் மூட்டுவாத மருந்து ஒன்றை அவர் அறிந்திருந்தார். அதைக் கொடுத்தார்கள். குழந்தை பிழைத்தது, புற்றுநோயும் போனது.

2017இல் அமெரிக்கா அனுமதித்த முதல் கார்-டி மருந்தின் அன்றைய விலை 4,75,000 டாலர். ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19க்கு 2023 அக்டோபரில் இந்திய அனுமதி கிடைத்தது. அமெரிக்க விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்று பெருமையோடு சொன்னார்கள். பெருமைதான். ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கும் பல லட்ச ரூபாய். நிலத்தை விற்காமல் அதைக் கட்டக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பணம் போகிற இன்னொரு வழியையும் சொல்ல வேண்டும். என் அக்கா மகளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று, மருத்துவமனை வராந்தாவில் பளபளப்பான புத்தகத்தோடு ஒருவர் வந்து நின்றார். குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்தால் நாளைக்கு ரத்தப் புற்றுநோயே வந்தாலும் கவலை இல்லையாம். ஆயுள் காப்பீடு விற்கிற குரல். குழந்தைக்கு அந்த நோய் வந்தால், நோயின் விதை அந்தக் கொடி ரத்தத்திலேயே இருந்திருக்கலாம். நூல் விட்ட தயிரில் ஒரு கரண்டியை எடுத்து வைத்த கதை. சொந்த உபயோகத்துக்கென்று இப்படிச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லியிருக்கிறது. ஆட்டிசத்துக்கும் வழுக்கைக்கும் ஸ்டெம் செல் விற்கிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு வரும்.

நாம் சேமிக்க வேண்டியது பெயர்களை. உடன்பிறப்பு பொருந்தாதவர்கள், முன்பின் தெரியாத ஒருவரைத்தான் நம்பியிருக்கிறார்கள். உலகம் முழுக்க 4 கோடிக்கும் அதிகமானோர் கொடையாளராகப் பதிந்திருக்கிறார்கள். இந்தியாவின் பங்கு சில லட்சம். திசு அடையாளம் பரம்பரை சார்ந்தது. தமிழ்க் குழந்தைக்குப் பொருந்துகிறவர் ஜெர்மனியில் இருப்பதைவிடத் திருநெல்வேலியில் இருக்கவே வாய்ப்பு அதிகம். சென்னையில் தாத்ரி என்ற பதிவகம் 2009 முதல் இயங்குகிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும்.

இப்போது கோவில்பட்டிக்கு. அம்மா, முதுகுத்தண்டை யாரும் தொட மாட்டார்கள். மஜ்ஜையாகவே எடுத்தாலும் மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்துதான். பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. நாலைந்து நாள் ஊசி போடுவார்கள். ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு வந்துவிடும். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தது போல இடுப்பும் எலும்பும் வலிக்கும். பிறகு நாலைந்து மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருந்தால், ஒரு கை வழியே ரத்தம் இயந்திரத்துக்குள் போய், ஸ்டெம் செல்லை விட்டுவிட்டு, மறு கை வழியே திரும்பிவிடும். கொடுத்ததைச் சில வாரங்களில் உடம்பு ஈடுகட்டிக்கொள்ளும். பையன் கல்யாணத்துக்கு இதனால் ஒரு தடையும் இல்லை. பெண் வீட்டாரிடம் மறைக்கவும் வேண்டாம். தங்கைக்கு இதைச் செய்தவன் என்று சொல்லியே பெண் கேளுங்கள்.