ஜே-1 விசாவில் ஆய்வுக்குப் போகிறீர்களா?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சில காலம் ஆய்வு செய்ய அழைப்பு வந்தால், பலரும் பேராசிரியரின் கடிதத்தையே பெரிதாக நினைக்கிறார்கள். ஆனால் உங்கள் உரிமைகள் இருப்பது ஜே-1 விசாவுக்கு அடிப்படையான டிஎஸ்-2019 படிவத்தில். சட்டப்படி உங்களுக்குப் பொறுப்பு, அதை வழங்கிய ஸ்பான்சர். பெரும்பாலும் அது பல்கலைக்கழகமே. அங்குள்ள பொறுப்பு அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் படிவத்திலேயே இருக்கும்.

கையெழுத்துக்கு முன்

படிவத்தின் 3-ஆம் கட்டத்தில் காலம், 4-இல் பிரிவு, 5-இல் பணம் யார் தருகிறார்கள் என்ற விவரம் இருக்கும். கடிதத்தில் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பிரிவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'ஆய்வு அறிஞர்' பிரிவில் 5 ஆண்டு வரை இருக்கலாம். ஆனால் நான்கே மாதத்தில் வேலை முடிந்து திரும்பினாலும், அடுத்த 24 மாதங்களுக்கு அதே பிரிவில் மீண்டும் போக முடியாது. குறுகிய வேலைக்கு 6 மாத வரம்புள்ள 'குறுகிய கால அறிஞர்' பிரிவைக் கேட்டு வாங்குங்கள். அதில் இந்தத் தடை இல்லை.

எங்கே சிக்கல் வரும்?

காப்பீடு கட்டாயம். ஒரு நோய் அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர், மருத்துவக் காரணத்துக்காக ஊர் திரும்ப 50,000 டாலர், இறந்தால் உடலைக் கொண்டுவர 25,000 டாலர் வேண்டும். உடன் வரும் மனைவி, கணவர், குழந்தைகளுக்கும் இது பொருந்தும். வேண்டுமென்றே காப்பீடு எடுக்காதவரின் திட்டத்தை ஸ்பான்சர் ரத்து செய்தாக வேண்டும்.

வேறு பல்கலைக்கழகம் உரைக்கு அழைத்து மதிப்பூதியம் தருவதாகச் சொல்லலாம். பொறுப்பு அலுவலரின் எழுத்துபூர்வ அனுமதி முதலில் வேண்டும். அனுமதியின்றிப் பணம் பெற்றால் அது விதிமீறிய வேலை. விசா நிலையே பறிபோகலாம்.

அரசுப் பணத்தில் போனவர்கள், முடிந்ததும் 2 ஆண்டு சொந்த நாட்டில் இருந்த பிறகே எச்-1பி விசாவோ கிரீன் கார்டோ பெற முடியும். விலக்கு வேண்டுமானால் தனியே விண்ணப்பிக்க வேண்டும். சொந்த நாட்டுக்குத் தேவை என்று அமெரிக்கா பட்டியலிட்ட துறைகளில் ஆய்வு செய்தவர்களுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு; அந்தப் பட்டியலிலிருந்து இந்தியா 2024 டிசம்பரில் நீக்கப்பட்டது. அரசு நிதிக்கான விதி மாறவில்லை.

பிரச்சினை வந்தால்

போய்ச் சேர்ந்ததும் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். திட்டம் தொடங்கிய 30 நாட்களுக்குள் உங்கள் வருகை அமெரிக்க அரசின் செவிஸ் கணினிப் பதிவில் உறுதியாக வேண்டும். வீடு மாறினால் 10 நாட்களுக்குள் தெரிவியுங்கள்.

சொன்ன ஆய்வுக்குப் பதில் வேறு வேலை வாங்கினாலோ, பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்தாலோ, அழைத்தவர் ஆயிற்றே என்று பொறுத்துப் போகாதீர்கள். பொறுப்பு அலுவலருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். நாள், நேரம், நடந்தது மூன்றையும் குறிப்பிடுங்கள். அங்கும் தீராவிட்டால் அமெரிக்க வெளியுறவுத் துறையிடம் முறையிடலாம். தகுந்த காரணம் இருந்தால் வேறு ஸ்பான்சருக்கு மாறவும் வழி உண்டு.

படிவத்தின் நகல் ஒன்றை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.