முறிந்த காலும் பொலிகுதிரையின் விலையும்

1972 ஆகஸ்டில், பயிற்சி ஓட்டத்தின்போது மில் ரீஃப் என்ற பந்தயக் குதிரையின் இடது முன்னங்கால் முறிந்தது. முந்தைய ஆண்டுதான் அது இங்கிலாந்தின் டெர்பியையும் பாரிஸின் ஆர்க் பந்தயத்தையும் வென்றிருந்தது. அறுவை சிகிச்சை உயிரைக் காத்தது. பந்தயம் அத்தோடு சரி. ஆனால் நியூமார்க்கெட்டின் நேஷனல் ஸ்டட் பண்ணையில் இனவிருத்திக்கான பொலிகுதிரையாக நின்று, 1978, 1987 டெர்பிகளை வென்ற ஷெர்லி ஹைட்ஸ், ரெஃபரன்ஸ் பாயின்ட் இரண்டுக்கும் தந்தையானது. பார்பரோ என்ற அமெரிக்கக் குதிரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2006இல் கென்டக்கி டெர்பியை வென்ற இரண்டாவது வாரமே பிம்லிகோ பந்தயத் திடலில் அதன் வலது பின்னங்கால் நொறுங்கியது. எலும்பைக் கூட்டிப் பொருத்தினார்கள். அரை டன் எடையுள்ள குதிரையால் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க முடியாது. பாரத்தைச் சுமந்த இடது காலின் குளம்பில் லேமினைடிஸ் என்ற அழற்சி கண்டது. 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்தார்கள். பிழைத்திருந்தாலும் இனவிருத்தி எளிதாக இருந்திருக்காது. இந்தப் பந்தயக் குதிரைகளின் தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதியில்லை. பெட்டையின் மேல் ஏறும்போது ஆண் குதிரையின் பாரமெல்லாம் பின்னங்கால்களில்தான் இறங்கும்.

இவற்றை விதியின் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். நான் அதை ஏற்கவில்லை. பந்தயத்தில் இறந்த குதிரைகளை 1990 முதல் பிணப்பரிசோதனை செய்துவரும் கலிபோர்னியாவில் தெரியவந்த உண்மை இது: உயிரைப் பறித்த முறிவுகளில் பெரும்பாலானவை, ஏற்கெனவே நுண்விரிசல் கண்டிருந்த எலும்பிலேயே நேர்ந்தவை. விரிசல் ஆறும் வேகத்தை ஓட்டத்தின் சுமை மிஞ்சும்போது எலும்பு உடைகிறது. பயிற்சியும் தரையும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன; மரபுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கைத்தான் பொலிகுதிரைச் சந்தை கண்டுகொள்வதில்லை. காயம்பட்டு மூன்று வயதில் விலகும் குதிரை, ஒரு பெரிய வெற்றி இருந்தால் போதும், நேரே பண்ணைக்குப் போய்விடுகிறது. அதன் கால் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி விடையில்லாமலே அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது.

டான்சிக் என்ற குதிரையை எடுத்துக்காட்டி மறுப்பார்கள். முழங்கால் கோளாறால் மூன்றே பந்தயம் ஓடி, மூன்றிலும் வென்ற அது, 1991 முதல் 1993 வரை அமெரிக்காவின் முதன்மைத் தந்தைக் குதிரை. புகழ்பெற்ற பொலிகுதிரை டேன்ஹில்லும் அதன் பிள்ளைதான். வேகம் மரபில் இறங்கும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் கால் பலவீனமான தந்தையால் கேடில்லை என்று இதிலிருந்து எப்படி முடிவுகட்டுவது? டான்சிக் வென்றதால் நினைவில் நிற்கிறது. பந்தயத்தையே பார்க்காமல் நொண்டிய குட்டிகளின் தந்தைகளை யாரும் கணக்கு வைப்பதில்லை. அமெரிக்காவில் ஆயிரம் ஓட்டங்களுக்கு 2009இல் 2.00 ஆக இருந்த மரணம் 2023இல் 1.32 ஆகக் குறைந்ததே என்பார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஓட்டத்துக்கு முந்தைய பரிசோதனை, மருந்துக் கட்டுப்பாடு, தரைப் பராமரிப்பு போன்றவை ஓடும் குதிரையைக் காப்பவை. பிறக்கப்போகும் குட்டியின் எலும்பை அவை வலுவாக்கா. 1960இல் அங்கே ஒரு குதிரை ஆண்டுக்குச் சராசரியாக 11 முறை ஓடியது. இன்று ஆறு முறை. உரிமையாளர்களின் கணக்கும் பயிற்சி முறையும் மாறியது இதற்கு ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஜெர்மனியில் ஆண் குதிரை பொலிகுதிரையாக வேண்டுமானால் தகுதிச் சோதனையைத் தாண்ட வேண்டும். மற்ற நாடுகள் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், வம்சாவளியோடு அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, எக்ஸ்ரே விவரங்களையும் பதிவேட்டில் வெளியிடட்டும். பெட்டையின் சொந்தக்காரர் அவற்றைப் படித்துப் பார்த்துவிட்டுப் பொலிகுதிரைக்குப் பணம் கட்டட்டும்.