"அடிக்கிற நானில்ல டீச்சர்": காயப்பட்ட மனதின் காவற்காரர்கள்

கடந்த வருடம் எமது பாடசாலையில் தரம் எட்டில் ஒரு மாணவன் இருந்தான். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றியே எழுதுகிறேன். படிப்பில் மோசமில்லை, பேச்சிலும் மரியாதை. ஆனால் பின்னாலிருந்து யாராவது தோளில் கை வைத்தால் போதும், திரும்பும்போதே கை ஓங்கியிருக்கும். ஒரே தவணையில் மூன்று பிள்ளைகளை மூக்கில் இரத்தம் வர அடித்துவிட்டான். மூன்றாவது தடவை அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தி உரத்த குரலில் ஏசினேன். தலையைக் குனிந்தபடி அவன் சொன்னான்: "அடிக்கிற நானில்ல டீச்சர். உள்ளுக்க ஒருத்தன் இரிக்கான். அவன்தான்."

தப்புவதற்குச் சொல்லும் பொய் என்றே நினைத்தேன். அவனுடைய உம்மா வேறு விதமாக நினைத்திருக்கிறார். பிள்ளையில் ஏதோ பிடித்துவிட்டது என்று தண்ணீர் ஓதிக் கொடுத்து, கையில் நூலும் கட்டியிருந்தார்.

சில மாதங்களின் பின்னர் ஆசிரியர்களுக்கான உளவளத்துணைச் செயலமர்வு ஒன்றுக்குப் போனேன். வளவாளர் ஒரு சிகிச்சை முறையைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிள்ளையின் முகம்தான் என் கண்ணுக்குள் நின்றது. அதன் பின்னர் தேடி வாசித்ததையும் சேர்த்து, விளங்கிய அளவில் இங்கே எழுதுகிறேன். நான் உளவியல் நிபுணர் அல்ல, பாடசாலை ஆசிரியை மட்டுமே.

அந்த முறையின் பெயர் இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ். தமிழில் 'அகக் குடும்ப முறை' என்று சொல்லலாம். அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் என்பவர் 1980களில் இதனை உருவாக்கத் தொடங்கினார். அவர் அடிப்படையில் குடும்பச் சிகிச்சையாளர். ஒரு வீட்டில் ஒரு பிள்ளை குழப்படி செய்தால், பிள்ளையை மட்டும் பார்க்காமல் அந்த வீட்டில் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள், யார் யாரைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்று முழுக் குடும்பத்தையும் பார்ப்பது அவர்களுடைய வழக்கம். அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டுப் பின்னர் வாந்தியெடுக்கும் நோயுள்ள இளம் பெண்கள் அவரிடம் வந்தார்கள். தமக்குள் ஒரு பகுதி சாப்பிடச் சொல்கிறது, இன்னொரு பகுதி ஏசுகிறது, மற்றொன்று அழுகிறது என்று அவர்கள் பேசியதைக் கேட்டபோது, ஒரு மனிதனுக்கு உள்ளேயும் இப்படியொரு குடும்பம் இருக்கிறது என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

இது எமக்குப் புதினமான பேச்சல்ல. "ஒரு மனசு போ எண்டுது, இன்னொரு மனசு வேணாம் எண்டுது" என்று எங்கள் மூத்தம்மாமார் சொல்லாத நாளில்லை. ஆளே மாறிப்போகும் பல ஆளுமை நோயை இது சொல்லவில்லை. ஜின்னையும் சொல்லவில்லை. இந்தப் பகுதிகள் வெளியிலிருந்து வந்து குடியேறியவை அல்ல, ஓதி விரட்ட வேண்டியவையும் அல்ல என்பதே இதன் அடிப்படை.

ஷ்வார்ட்ஸ் இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கிறார். பெரிய அதிர்ச்சி ஒன்றைச் சந்தித்தபோது அந்த வேதனையையும் பயத்தையும் வெட்கத்தையும் சுமந்துகொண்ட பகுதி, பெரும்பாலும் சிறுபிள்ளையாகவே நின்றுவிடுகிறது. அதன் அழுகையைத் தாங்க முடியாமல் மனம் அதை உள்ளே எங்கோ தள்ளிப் பூட்டிவிடுகிறது. இதற்கு அவர் வைத்த ஆங்கிலப் பெயரின் பொருள் 'நாடு கடத்தப்பட்டவர்', 'வெளியேற்றப்பட்டவர்' என்பதாகும். 1990 ஒக்டோபருக்குப் பின்னர் அந்தச் சொல்லின் பாரத்தை எமது சமூகத்துக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரண்டாவது வகை, அந்தக் காயம் மறுபடி கிளறப்படாமல் அன்றாடம் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் முகாமையாளர்கள். மூன்றாவது வகை தீயணைப்பாளர்கள். கட்டுப்பாட்டையும் மீறி அந்த வேதனை மேலே வந்துவிட்டால், என்ன சேதம் வந்தாலும் பரவாயில்லை என்று பாய்ந்து அணைப்பவர்கள். அடிதடி, போதைப்பொருள், கைகால் விறைத்துப் பேச்சற்றுப் போவது எல்லாம் இவர்களுடைய வேலையாக இருக்கலாம்.

இவற்றைத் தவிர, காயப்படாத 'சுயம்' ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது என்கிறார் அவர். அமைதி, அறியும் ஆவல், இரக்கம், துணிவு ஆகியவை அதன் குணங்கள். பகுதிகள் சற்று விலகி இடம் கொடுத்தால் அது முன்னுக்கு வரும். சிகிச்சை செய்வது அதுதானாம்.

முகாமையாளர் என்றதும் எனக்கு எங்கள் வீட்டுக் கதவடியில் இருக்கும் பொலித்தீன் பை நினைவுக்கு வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி நான் கலாசாலை விடுமுறையில் கடற்கரையோரம் இருந்த எங்கள் வீட்டில் இருந்தேன். இரண்டாவது அலை வந்தபோது மூத்தம்மாவின் கை என் கையிலிருந்து நழுவியது. அதற்கு மேல் எழுத விருப்பமில்லை. அன்றிலிருந்து அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், வீட்டு உறுதி எல்லாம் ஒரு பைக்குள் கதவடியில் தயாராக இருக்கும். கொண்டல் காற்றுக் காலத்தில் இரவில் மூன்று தடவை எழும்பிப் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பேன். கரையோரத்தில் இதை வாசிக்கும் பலருடைய வீட்டிலும் இப்படியொரு பை இருக்கும் என்று நினைக்கிறேன். இதை 'என் கவனமான சுபாவம்' என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதோடு இன்னொன்றும் விளங்கியது. வகுப்பில் திடீரென்று கூச்சல் எழும்பினால் நான் என்னை மறந்து கத்துவேன். கூட்டமாக அலறும் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அந்தப் பிள்ளைக்கோ, தலைக்கு மேல் ஒரு பெரிய ஆள் கத்தினால் அடுத்து அடி விழும் என்று அவனுடைய வீடு சொல்லிக்கொடுத்திருந்தது. அவன் எப்போதும் பின்னாலிருந்துதான் அடிபட்டிருக்கிறான் என்பது பிறகுதான் தெரியவந்தது. அன்று வராந்தாவில் மோதிக்கொண்டது அவனுடைய தீயணைப்பாளனும் என்னுடைய தீயணைப்பாளனும்தான். அங்கே ஆசிரியையும் இருக்கவில்லை, மாணவனும் இருக்கவில்லை.

சிகிச்சை எப்படி நடக்கிறது? முதலில் அந்தப் பகுதி உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேட்பார்கள். நெஞ்சிலா, தொண்டையிலா, கையிலா? அடுத்து, அதன் மேல் உங்களுக்கு என்ன உணர்வு வருகிறது என்று கேட்பார்கள். "வெறுப்பு" என்று பதில் வந்தால், வெறுப்பதும் ஒரு பகுதியே. அதைச் சற்று விலகி நிற்கச் சொல்வார்கள். அதன் பின்னர்தான் முக்கியமான கேள்வி: இந்த வேலையை நீ நிறுத்திவிட்டால் என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறாய்? காவற்காரர்கள் அனுமதிக்கும் வரை உள்ளே பூட்டப்பட்ட பிள்ளையிடம் போகக்கூடாது என்பது கடுமையான விதி.

இந்த விதியை ஷ்வார்ட்ஸ் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டார். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் ஓர் இளம் பெண்ணிடம், அப்படிச் செய்யும் பகுதி இனிமேல் செய்யமாட்டேன் என்று ஒத்துக்கொள்ளும் வரை மணிக்கணக்காக வாதாடினார். ஒத்துக்கொண்டது. அடுத்த சந்திப்புக்கு அந்தப் பெண் முகத்தில் பெரிய காயத்தோடு வந்தாள். உன்னை என்னால் வெல்ல முடியாது என்று அவர் மனம் உடைந்து சொல்லிவிட்டார். உன்னை வெல்வது எனக்கும் நோக்கமல்ல என்ற கருத்தில் அந்தப் பகுதி பதில் சொன்னதாம். ஏன் செய்கிறாய் என்று அவர் உண்மையாகக் கேட்டது அதன் பிறகுதான். சிறுவயதில் அவள் துன்புறுத்தப்பட்டபோது அவளை உடம்பிலிருந்து பிரித்தெடுத்துக் காப்பாற்றியது அந்தப் பகுதியே என்று தெரிந்தது. பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு "இனிமேல் செய்வாயா?" என்று சத்தியம் வாங்கிய எத்தனை நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தன!

செயலமர்வில் ஒரு மௌலவி ஆசிரியர் எழுந்து, இது மார்க்கத்துக்குச் சரிவருமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. தீமையைத் தூண்டும் நஃப்ஸ், தன்னையே கண்டிக்கும் நஃப்ஸ், அமைதியடைந்த நஃப்ஸ் என்று குர்ஆன் பேசுவதை நாம் அறிவோம். அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை; அதை ஆலிம்கள் சொல்லட்டும். 'கெட்ட பகுதி என்று ஒன்றில்லை' என்பது ஷ்வார்ட்ஸின் வாசகம். 2021இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பும் அதுவே. ஆனால் அதைக் 'கெட்ட செயல் என்று ஒன்றில்லை' என்று விளங்கினால் பெரும் பிழை. அந்தப் பிள்ளை அடித்த மூவரிடமும் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டியிருந்தது. கேட்டான்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக்கூடாது. இந்த முறைக்குப் பெயர் பரவிய அளவுக்கு ஆய்வு ஆதாரம் சேரவில்லை. முடக்குவாத நோயாளிகளிடம் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வு, சிறுவயது அதிர்ச்சிக்கு உள்ளானவர்களிடம் செய்த சிறிய ஆய்வு என்று சிலதான் உண்டு. அதே 2013இல் உலக சுகாதார நிறுவனம் அதிர்ச்சிக்குப் பிந்திய மன நெருக்கீட்டுக்குப் பரிந்துரைத்தவற்றில் சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சையும் கண்ணசைவுச் சிகிச்சையும் அடங்கும். இல்லாத குரல் கேட்கும் நோயாளிகளிடம் 'பகுதிகள்' என்று பேசப்போவது ஆபத்து. பழைய நினைவைத் தோண்டும்போது நடக்காததையும் நடந்ததாக மனம் நம்பிவிடலாம். ஆகவே இரண்டு யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் காயத்தைத் திறக்க எந்த ஆசிரியரும் முயலக்கூடாது. நானும் முயலவில்லை. அவனுடைய உம்மாவோடு பேசி, ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினோம். போக வெட்கப்படுபவர்களுக்கு தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

நான் செய்தது சின்ன விஷயங்கள். அவனைச் சுவரோரமாகக் கடைசி வாங்கில் இருத்தினேன். இப்போது அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. கொப்பி பார்க்கப் போனால் முன்பக்கமாகவே போய், பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். ஒரு நாள் வகுப்பு முடிந்த பிறகு, "உள்ளுக்க இரிக்கிற அவன் என்னத்துக்குப் பயப்புடுறான் மகன்?" என்று மட்டும் கேட்டேன். அவன் நெடுநேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் தூங்கிட்டா உம்மாவுக்கு அடி விழும் எண்டு" என்றான்.

இந்த வருடம் அவன் தரம் ஒன்பது. கைகலப்பு முற்றாக நிற்கவில்லை, ஒரு தவணைக்கு ஒன்று என்ற அளவில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பையும் கதவடியில்தான் இருக்கிறது. அடையாள அட்டையை மட்டும் எடுத்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.